ஏழு ஆப்பிள் மரங்களில் கட்டிய தகரம்

என் பிரியமுள்ள சூசை மச்சானுக்கு,

மாரி எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதவில்லை, நானே எழுதுகிறேன். இந்த இரண்டு வரியை முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போய்விட்டது. ஆறினால் ஆறட்டும். அதைக் குடித்துக்கொண்டே என் எழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அறுபத்தேழு வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று தெரியவில்லை. வந்துவிட்டது, என்ன செய்ய?

உன் முதலாம் ஆண்டு ஜெபம் வருகிற வெள்ளிக்கிழமை மஸ்கட் ரூவியில் நடக்கிறது. உன்னைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினால் அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று உன் மகள் ஸ்டெல்லா சொன்னாள். "அப்பாவப் பத்தி நீங்க எழுதாம வேற யாரு மாமா எழுதுவா?" என்று கேட்டாள். பத்து நாளாக எழுதுகிறேன். தண்ணீர் பாய்ச்சி முடித்து, வெயில் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் அரைப் பக்கம். அதற்கு மேல் விரல் கேட்பதில்லை.

அதனால் இதை உன்னோடு சேர்த்து அந்த ஹாலில் இருப்பவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். உன்னை அவர்கள் நல்ல மனிதன் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதப் போகிறேன். மிச்சத்தையும் எழுதப் போகிறேன்.

அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். ஓமானில் கீழே மஸ்கட் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் இந்த மலை மேல் சட்டைக்கு மேல் சட்டை போட வேண்டும். தை மாதத்தில் வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கும். மலையைப் படிப்படியாக வெட்டிக் கல் அடுக்கிய தோட்டத்தில் மாதுளையும் வாதுமையும் ஆப்பிளும் வளர்கின்றன. நீ கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து பம்ப் பார்க்க வந்தாய். நான் பெரியகுளம் பக்கம் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தவன், மரம் பார்க்க வந்தேன். ஒரே ரூம், ஒரே அடுப்பு, பன்னிரண்டு வருடம். நீ என்னை மக்கா என்பாய், நான் உன்னை மச்சான் என்பேன்.

முதல் குளிர்காலம் ஞாபகம் இருக்கிறதா? ஒரே வாரத்தில் ஆப்பிள் மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. நம் ஊரில் எந்த மாமரம் அப்படி நின்றிருக்கிறது? "மரம் பட்டுப்போச்சுய்யா" என்று உன்னிடம் சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். பெரிய அர்பாப், நம் முதலாளி, கைத்தடியைத் தூக்கிக்கொண்டு கல் படிகளில் ஓடி வந்தார். "லா, லா, நாயிம், நாயிம்" என்று கத்தி, இரண்டு கையையும் கன்னத்துக்கு அண்டக் கொடுத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். தூங்குகிறதாம். மரம் தூங்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதற்குப் பிறகு நான் என்றைக்காவது காலையில் எழத் தாமதமானால், "அர்பாப், இவனும் பட்டுப்போயிட்டான், ரம்பம் கொண்டாங்க" என்பாய்.

அந்த மரத்தின் பழத்துக்குக் கடையில் பெயர் கிடையாது. பெரிய அர்பாப் அதை ஜத்தி என்பார். என் தாத்தாவுடையது என்று அர்த்தம். உள்ளங்கைக்குள் அடங்கும் பழம், மஞ்சள் தோல், வெயில் பட்ட பக்கம் மட்டும் சிவப்பு. வேக வைக்கவும் பிழியவும் ஆகாது. விருந்தாளிகள் சோறும் கறியும் தின்று கை கழுவியதும், அர்பாப் கத்தியை எடுத்துத் தானே அறுத்துத் தட்டில் வைப்பார். அறுக்கும்போதே ரோஜாத் தோட்டத்தில் நிற்பதுபோல வாசம் வரும். பறித்து ஆறாம் நாள் மாவாகிவிடும் என்பதால் எந்தக் கடைக்காரனும் வாங்க மாட்டான். அந்த மலைக்கு வந்தவன் மட்டும்தான் அதைத் தின்ன முடியும்.

அதன் விதையைப் போட்டால் அது வராது, வேறு ஏதோ புளிப்புக் காய் வரும். கிளையிலிருந்துதான் கிளையை எடுக்க வேண்டும். தாய் மரம் கிழண்டு போயிருந்தது. முதல் வருடம் மாமரத்துக்குக் கட்டுகிற மாதிரி இலையோடு கட்டி அத்தனையும் காய்ந்தது. பிறகு புரிந்தது. மரம் தூங்கும்போதே பென்சில் கனத்தில் குச்சி வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். விதையில் முளைத்த கன்றின் தண்டையும் குச்சியையும் ஒரே சாய்வில் சீவி, பட்டையோடு பட்டை தொடும்படி பொருத்தி, இறுக்கிக் கட்டி, மெழுகு பூச வேண்டும். பங்குனியில் குச்சியில் மொட்டு வீங்கினால் அது பிழைத்தது. அதன் பிறகும் ஒட்டுக்குக் கீழே கிளைக்கிறதை விடாமல் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே இருப்பது மேலே இருப்பதைத் தின்றுவிடும்.

அப்படி ஏழு மரம் நின்றது. தாய் மரம் விழுந்த வருடம் ஏழும் காய்த்துவிட்டன. ஒட்டுக் கட்டியவன் பெயர் மரத்தில் இருக்க வேண்டும் என்பது பெரிய அர்பாப் வீட்டு வழக்கம். எனக்கோ கைநாட்டு. நீதான் பால் பவுடர் டப்பா மூடிகளை வெட்டி, ஆணியால் தமிழ் எழுத்தைக் கீறி, கம்பியில் கோத்துக் கட்டினாய். "உனக்க பேரத்தான் கீறியிருக்கேன் மக்கா, மழை பெஞ்சாலும் போவாது கேட்டியா" என்றாய். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தகரத்தைத் தொட்டுவிட்டுப் போவேன். எனக்கு வாசிக்கத் தெரியாத என் பெயர் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

பெரிய அர்பாப் இறந்து, மஸ்கட்டில் இருந்த அவர் மகன் கைக்குத் தோட்டம் வந்த வருடம் என் மகள் கல்யாணத்துக்கு லீவில் போனேன். பந்தல் பிரிக்கிற அன்றைக்கு உன் போன் வந்தது. "மக்கா, நீ வரண்டாம். விசாவ முடிச்சாச்சு. சின்ன அர்பாப் ஒரு ஆளு போதும்னு சொல்லிட்டான்." நீ அழுதாய். நான்தான் உனக்கு ஆறுதல் சொன்னேன் மச்சான். "விடு மச்சான், ஒருத்தராவது அங்க இருக்கோம்ல, மரத்தப் பாத்துக்க" என்று சொன்னேன். எங்கள் வீட்டு வாசலில் வாழைமரம் சாய்ந்து கிடந்தது. நான் உன்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு வேறு விசாவில் அமீரகத்தில் புஜைரா. எண்ணெய்த் தொட்டிகள் நிற்கிற யார்டில் வேலி ஓரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை, ஒன்பது வருடம். அந்த வெயிலில் எதுவும் தூங்குவதில்லை. எண்ணெய் நாற்றம் சோற்றில் வரும். தை பிறந்தால் என் விரல்கள் கத்தியைத் தேடும், சீவுவதற்கு ஒன்றும் இருக்காது. சூப்பர்வைசர் ஒருவன், "என்ன சாச்சா, கையில சிரங்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஊர்க்காரர் வண்டியில் நீ ஆப்பிள் கொடுத்தனுப்புவாய். முதல் இரண்டு வருடம் அழுகியே வந்தது. அழுகலிலும் அந்த வாசம் இருந்தது. மூன்றாம் வருடம் கல் மாதிரி வந்தது. கடித்தேன், பல் கூசியது. உடனே போன் போட்டேன்.

"மச்சான், ஒட்டுக்குக் கீழ கிளைக்குதா?"

"நல்லா தழைக்குது மக்கா. மேல இருக்கதுதான் நோஞ்சானா கெடக்கு."

"தழைக்கிறத ஒடி. அது வேற மரம்."

"பச்சப்பசேல்னு வருது, அத எப்பிடி ஒடிக்க? பாவம்லா."

பச்சைக் கிளையை ஒடிக்க உனக்கு மனம் வரவில்லை. மனிதனை ஒடித்த கை அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

போன வருடம் மார்கழியில் போன் செய்தாய். "மரமெல்லாம் போவுது மக்கா. ஏழுல ஒண்ணுலதான் ஒரு கொப்பு மிச்சம். சின்ன அர்பாப்கிட்ட சொல்லிட்டேன், விசா எடுக்கான். நீ வா. வந்தா ஒன்கிட்ட ஒரு காரியம் சொல்லணும்." போனிலேயே சொல் என்றேன். "நேர்ல" என்றாய். விசா வந்து நான் மலை ஏறியபோது மாசி பிறந்திருந்தது. நெஞ்சுவலி வந்து நீ போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. உன்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ரூமில் உன் கட்டில், உன் ஜெபமாலை, நீ கழுவாமல் வைத்துப் போன ஒரு டம்ளர். அதை நான்தான் கழுவினேன்.

அந்த வருடம் குளிர் சீக்கிரம் விட்டதால் மொட்டுகள் விரிந்துவிட்டிருந்தன, ஒட்டுக் கட்டும் காலம் போய்விட்டது. மறுநாள் சின்ன அர்பாப் என்னை மரங்களிடம் கூட்டிப்போனார். ஐந்து மரம் அடிக்கிளை வளர்ந்து காடாக நின்றது. ஒன்று பட்டே போயிருந்தது. இது நிஜமாகவே பட்டது, தூக்கம் இல்லை. கடைசி மரத்தில் ஒற்றைக் கிளை.

"சூசை இருந்தவரைக்கும் இப்படிப் போனால், நீ என்ன செய்வாய்?" என்று இந்தியில் கேட்டார். "இதையெல்லாம் ஒட்டியவனே அவன்தான். உங்களில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றபோது, மரத்தை யார் ஒட்டியது என்று கேட்டேன். அவன் தகரத்தைக் காட்டினான்." ஒரு தகரத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினார். "தேக்கோ பாய். சூசை கா நாம்." பார், சூசை பெயர் என்றார்.

பார்த்தேன். கீறல்கள் தெரிந்தன. எனக்கு என்ன தெரியும்?

அன்றைக்கு எனக்குள் விழுந்ததை எப்படி எழுதுவது? அந்தச் சொல் இன்னும் படிக்கவில்லை. ஒன்றாகச் சோறு தின்ற பன்னிரண்டு வருடமும் நான் தொட்டுத் தொட்டுப் போனது உன் பெயரையா? உனக்க பேரத்தான் கீறியிருக்கேன் மக்கா என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே. யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கலாம். கீழே பக்காலாவில், மளிகைக் கடையில், தமிழ்க்காரர் இருக்கிறார். போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் இனி என் பெயரை இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தேன். நானே படிப்பேன். படிக்கிற வரைக்கும் உன்னைத் திட்டுவதில்லை என்றும் முடிவு செய்தேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

உன் பெட்டியை எடுக்க ஸ்டெல்லா வந்தாள். ரூவியில் ஆஸ்பத்திரி டூட்டி முடித்து, தூக்கக் கண்ணோடு வந்திருந்தாள். எழுத்துச் சொல்லிக்கொடு என்றேன்.

"என்னத்துக்கு மாமா, இந்த வயசுல?"

"சும்மாதான்."

"சும்மாவா? லவ் லெட்டர் எழுதப் போறீங்களா?" என்று கேட்டு, அழுத முகத்தோடு சிரித்தாள். அப்படியே உன் சிரிப்பு.

ஒவ்வொரு வெள்ளியும் போனில் பாடம். அவள் எழுத்தைப் படம் எடுத்து அனுப்புவாள், நான் எழுதிப் படம் எடுத்து அனுப்புவேன். முதலில் அம்மா, அப்பா. என் பெயரை எழுதிக் காட்டட்டுமா என்றாள், வேண்டாம், உன் அப்பா பெயரைக் காட்டு என்றேன். அவள் நெகிழ்ந்துபோனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. உன் பெயரை நான் பாசத்தில் கற்கவில்லை மச்சான். ஒரு திருடனின் முகத்தை மனப்பாடம் செய்கிற மாதிரி கற்றேன்.

உன் பெயர் கை வந்ததும் ஒரு காலையில் மரத்துக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். தகரத்தைத் திருப்பினேன். தேடிவந்த எழுத்து இல்லை. முதல் எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்து. அம்மாவில் வருகிற மா. அடுத்ததும், அதற்கடுத்ததும் தெரியவில்லை. ரூமுக்கு ஓடி ஸ்டெல்லா அனுப்பிய எழுத்துகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். சோறு பொங்கவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது. மாரிமுத்து.

சத்தமாகச் சொன்னேன். மறுபடி சொன்னேன். அடுத்த மரத்துக்குப் போனேன், மாரிமுத்து. ஏழு மரத்திலும் மாரிமுத்து. நானே எனக்கு வாசித்த முதல் பெயர் என் பெயர். தோட்டத்தில் ஆள் இல்லாததால் ஒரு கிழவன் குதித்ததை யாரும் பார்க்கவில்லை. இந்த நிமிடம் எழுதும்போதும் அந்தச் சந்தோஷம் அப்படியே இருக்கிறது.

ஏழாவது மரத்தடியில்தான் உட்கார்ந்தேன். எழுதியது உண்மை என்றால், படித்ததுதானே பொய்.

சின்ன அர்பாப் இந்தத் தோட்டத்தில் நின்று, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உன்னைக் கேட்டிருக்கிறார். நீ உன் கையால் கீறிய என் பெயரைப் பார்த்துக்கொண்டே உன் பெயரைச் சொன்னாய். ஏழு மரத்திலும் நின்று சொன்னாயா, ஒரு மரத்தோடு முடித்துக்கொண்டாயா? உன் நாக்கு எப்படித் திரும்பியது? என்னை வெட்டிவிட்ட பிறகுதான் போனில் அழுதாயா, அழுதுகொண்டே வெட்டினாயா?

இன்னொன்றும் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். மரம் பருக்கும்போது கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும், வருடத்துக்கு ஒரு முறை தளர்த்திக் கட்ட வேண்டும். ஏழு தகரமும் தளர்ந்து தொங்கின. கட்டியிருந்தது சிவப்பு ஒயர். சிவப்பு ஒயர் வைத்த புது பம்ப் நான் போன பிறகு வந்தது. அப்படியானால் ஒன்பது வருடமும் நீ வந்து என் பெயரை அவிழ்த்து, என் பெயரைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். கழற்றி எறிந்திருக்கலாம், உன் பெயரைக் கீறி மாட்டியிருக்கலாம், கேட்க ஆள் இல்லை. பச்சைக் கிளையை ஒடிக்க மாட்டாதவனுக்கு இதையும் கழற்ற மனம் வரவில்லையா? நேரில் சொல்வதற்கு வைத்திருந்த காரியம் இதுதானா?

சின்ன அர்பாப்பிடம் போய்ச் சொன்னேன். தகரத்தைக் காட்டி, என் விரலால் எழுத்து எழுத்தாகப் படித்தேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கலாஸ் பாய், முடிந்தது. செத்துப்போனவன் அவன். மாஃபி முஷ்கில். எனக்குப் பேர் வேண்டாம், பழம் வேண்டும்." ஒன்பது வருடம் மாஃபி முஷ்கில், பரவாயில்லை என்று ஆகிவிட்டது. வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

கடைசியில் ஸ்டெல்லாவிடம் மறைக்க முடியவில்லை. கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தவளைக் கூட்டிப்போய்த் தகரத்தைக் காட்டினேன். "அப்பாக்க எழுத்துதான்" என்று தடவிப் பார்த்தாள். முழுவதையும் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் எங்கப்பா ஆப்பிள் ஒட்டுக் கட்டுவார் என்று சொல்லி வைத்திருந்தவள்.

"நான் நர்சிங் சேர்ந்த வருசம் மாமா அது."

"எம்மக கல்யாணமும் அதே வருசந்தாம்மா" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அதுவும் உண்மைதானே.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க மாமா. உள்ளத எழுதுங்க. நான் அச்சடிப்பேன்" என்றாள். உனக்கு நல்ல மகள். உன்னிடமிருந்து வந்தவள்தான், அதையும் எழுதுகிறேன்.

உன்னை மன்னித்தேனா என்று கேட்காதே. காலையில் உன் டம்ளரில் டீ ஊற்றும்போது ஒரு மாதிரி இருக்கிறது, மரத்தடியில் நிற்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. நீ பார்த்துக்கொள்ளாத அந்த ஐந்து மரத்தின் புளிப்புக் காயைப் போன கோடையில் பெருக்கி அள்ளினேன். அன்றைக்கு உன்னை வாய்விட்டுத் திட்டினேன். கேட்டிருக்கும்.

இப்போது தை. ஒற்றைக் கிளை கோடையைத் தாண்டிவிட்டது, அசந்து தூங்குகிறது. பதினோரு குச்சி எடுத்து ஈரச் சாக்கில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை கட்டுகிறேன். பிழைத்தால் மூன்றாம் நான்காம் வருடம் பழம். அதுவரை நான் இருக்க வேண்டும். தகரமும் வெட்டிவிட்டேன். ஆணியால் என் பெயரை நானே கீறினேன். கோணல்மாணலாக வந்திருக்கிறது. உன் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, அது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நீ கட்டிய ஏழையும் கழற்ற மாட்டேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். முதல் பழத்தை நான் அறுப்பேன். பாதி ஸ்டெல்லாவுக்கு. உன் பங்கு கிடையாது. இந்த மரங்களை யார் ஒட்டியது என்று எவர் கேட்டாலும் நான் என்று சொல்வேன், தகரத்தைத் திருப்பிப் படித்தும் காட்டுவேன். கம்பியைத் தளர்த்திக் கட்டியது யார் என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை. அதைக் கேட்காமலே சொல்வேன்.

இப்படிக்கு,
உன் மச்சான், உன் மகளுக்கு மாமன்,
மாரிமுத்து
(என் கையால் எழுதியது)